பேர் கேட்க மறந்துபோன எல்லாருக்கும்

படகுத் தம்பிகளுக்கு, மிஷின் மெக்கானிக் அண்ணாச்சிக்கு, காயல்பட்டினத்துக் காக்காவுக்கு (அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), எங்கள் ஐயரம்மாவுக்கும் (போதகருடைய மனைவி) சபை அக்காமார்களுக்கும்,

ஸ்தோத்திரம். ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் தையல் கடை வைத்திருக்கிற அக்கா, வெள்ளத்தில் கைகொடுத்த உங்களுக்கு நன்றி சொல்ல எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருடைய பேர் எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை, அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் எல்லாரும் பார்க்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன், யாராவது ஒருத்தர் உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள் என்று.

முதலில் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா ஒரு நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு டிசம்பர் 31-ம் தேதியும், ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன்னால், கர்த்தர் அந்த வருஷம் செய்ததை அதில் ஒரே ஒரு வரி எழுதுவாள். "சின்னவளுக்கு மஞ்சள் காமாலை, சுகமாயிற்று." "சீட்டுப் பணம் போயிற்று, மானம் போகவில்லை." இப்படித்தான் இருக்கும். 1992-க்கு எழுதியிருந்தது: "ஆற்றில் வெள்ளம். வாசற்படியைத் தொட்டுத் திரும்பிற்று. ஸ்தோத்திரம்." அந்த வருஷம் நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. நாங்கள் அந்த வரியைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. என் வீட்டுக்காரர் மிஷின் இரண்டையும் பரண் மேலே ஏற்றிவிடலாமா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தொண்ணூத்திரண்டிலேயே வாசற்படியைத் தாண்டல. பேசாமப் படுங்க."

விடியும் முன்னால் தண்ணீர் பின்வாசல் வழியாக வந்தது. கட்டில் நனைந்த பிறகுதான் எழுந்தோம். அடுத்த வீட்டு மொட்டைமாடிக்கு ஏறும்போது கடையின் ஜன்னல் பாதி மூழ்கியிருந்தது. உள்ளே இரண்டு மிஷின், கிறிஸ்மஸுக்குத் தைத்து முடித்ததும் முடிக்காததுமாக முப்பதுக்கு மேல் துணி, எல்லாம் ஊரார் துணி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள், புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டு அவர்களுக்குப் பொங்கிப்போட்டார்கள் என்பதும் பிற்பாடு கேட்டதுதான். அப்போது எங்களுக்கு உலகமே அந்த மாடிதான். பதினான்கு பேர், ஒன்றரை நாள். போன் செத்துவிட்டது. அடுத்த வீட்டு அக்கா கிறிஸ்மஸுக்குச் சுட்ட முறுக்கு டின்னை மட்டும் தலையில் வைத்துத் தூக்கி வந்திருந்தாள். ஆளுக்கு ரெண்டு, பிள்ளைகளுக்கு மூணு என்று எண்ணி எண்ணிக் கொடுத்தாள். தார்ப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர்தான் குடிக்க.

அந்த மாடியில் நான் ஜெபம் பண்ணினேன் என்று சொன்னால் பொய். அம்மாவுடைய அந்த வரிதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் திரும்பிப் போன தண்ணீர் எனக்கு ஏன் திரும்பவில்லை?

தம்பிகளே, நீங்கள் வந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடலில் போக வேண்டிய ஃபைபர் படகு எங்கள் தெரு முனையில் திரும்பியதைப் பார்த்து என் மகன் கை தட்டினான். நாலு பேர். தண்ணீர் ஆழமாக இருந்த இடத்தில் கம்பு ஊன்றினீர்கள், இடுப்பளவு இருந்த இடத்தில் இறங்கித் தள்ளினீர்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் ஒரு நீலக் கயிற்றைக் கட்டி, எண்பது வயது ஆச்சியை நாற்காலியோடு இறக்கினீர்களே, ஆச்சி பயத்தில் உங்களைத் திட்டிய திட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்களை மேட்டில் இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டீர்கள்.

தண்ணீர் வடிந்தபிறகு வந்தவர்கள் வேறு கூட்டம். காயல்பட்டினத்துக் காக்கா, உங்கள் ஊரிலேயே வீடுகளுக்குள் தண்ணீர் கிடக்க, நீங்கள் எங்கள் தெருவுக்குப் பாயும் போர்வையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். "உங்களுக்குப் பண்டிகை வருதுல்ல" என்று தனியாக ஒரு பையில் மாவும் சீனியும் வைத்திருந்தீர்கள். மெக்கானிக் அண்ணாச்சி, சேறு அப்பிக் கிடந்த இரண்டு மிஷினையும் ஒவ்வொரு திருகாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்து, எண்ணெய் விட்டு ஓட வைத்தீர்கள். ஒரு மோட்டார் பிழைக்கவில்லை, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? கூலி கேட்டதற்கு, "மிஷின் ஓடுச்சுன்னா எனக்கு ஒரு சட்டை தச்சுக் கொடு" என்றீர்கள். தைத்துக் கொடுத்தேன், ஆனால் காலர் சரியாக வரவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை.

துணி கொடுத்திருந்தவர்களில் ஒருத்தர்கூட நஷ்டம் கேட்கவில்லை. ஒரு டீச்சர் தன்னுடைய ஜாக்கெட் துணியைச் சேற்றிலிருந்து எடுத்துக்கொண்டு போய், அலசிக் காயவைத்துத் திரும்பக் கொண்டுவந்து, "இதையே தைம்மா" என்றார். கறை போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வந்தார், எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்தார், பாட்டு முழுக்க என் கண் அந்தக் கறையில்தான் இருந்தது.

அப்புறம் ஐயரம்மா. அம்மாவின் நோட்டு ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. தூக்கிப்போடப் போனேன். நீங்கள் வாங்கிக்கொண்டு போய், நிழலில் காயவைத்து, தென்னை ஈர்க்கை உள்ளே விட்டு ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தீர்கள். மை பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்து நீலப் புகையாகிவிட்டது. பால்பாயிண்டில் எழுதியது நின்றது. அந்த 1992 வரி மட்டும் பளிச்சென்று அப்படியே இருந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது என்று இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

அந்த எரிச்சல் தெளிய எனக்கு வெகு நாளாயிற்று. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு எபநேசர் இருப்பான், வீட்டு வாசலிலும் எபெனேசர் என்று பதித்திருப்பார்கள். வேதத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் நமக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி வைத்த பேர். அதே பேர் அதற்குச் சில அதிகாரம் முன்னாலேயே வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? எபெனேசரில் பாளயமிறங்கித்தான் இஸ்ரவேலர் தங்கள் எதிரிகளான பெலிஸ்தரிடம் தோற்றார்கள். உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவந்தால் போதும், முன்னே ஜெயித்த மாதிரியே ஜெயித்துவிடலாம் என்று நினைத்தார்கள். முப்பதாயிரம் பேர் விழுந்தார்கள், பெட்டியும் போயிற்று. நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். அம்மா நினைத்துக்கொண்டது கர்த்தரை, நான் நினைத்துக்கொண்டது வாசற்படியை. தோற்றுப்போன பேரையே எடுத்து சாமுவேல் நன்றிக் கல்லுக்கு வைத்தாரே, அது எனக்கு இப்போது பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. அந்த வெள்ளத்தில் ஆட்கள் போயிருக்கிறார்கள். "கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார்" என்று மைக்கில் சொல்லும்போது, ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் ஒருவர் கடைசி பெஞ்சில் இருந்தால் அவருக்கு எப்படிக் கேட்கும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் அன்றைக்கு வாய் வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி, ராத்திரி ரெண்டு மணி, வராந்தாவில் நான் மட்டும். காலையில் ஆபரேஷன், ரத்தம் இரண்டு யூனிட் வேண்டும் என்றார்கள். அன்றும் ஜெபம் வரவில்லை. 77-ம் சங்கீதத்தில் ஆசாப் தூக்கம் வராமல் கிடந்து, "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ" என்று கேட்பார் இல்லையா, அந்த அளவில்தான் இருந்தேன். அப்போது மனதுக்குள் ஒவ்வொருவராக வந்தீர்கள். கம்பு ஊன்றிய கை, மண்ணெண்ணெய் வாசம், சீனிப் பை, ஈர்க்கு, முறுக்கு டின். இவ்வளவு பேரை அனுப்பினவருக்கு இந்த வராந்தாவுக்கு வழி தெரியாமலா போகும் என்று ஒரு நினைப்பு. பெரிய விசுவாசம் ஒன்றும் இல்லை, விடியும் வரைக்கும் தாங்குகிற அளவுக்கு இருந்தது.

விடிந்ததும் மெக்கானிக் அண்ணாச்சிக்குத்தான் போன் போட்டேன். அவருடைய மகனும் அந்த மகனுடைய சிநேகிதனும் எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். சபை அக்காமார்கள் முறை போட்டு ஆஸ்பத்திரியில் என்னோடு படுத்தார்கள், கடைசி வாரம் வரைக்கும். தொடையில் கம்பி வைத்திருக்கிறது, இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். கடைக்கு வந்து உட்கார்ந்து பித்தான் தைத்துத் தருகிறார், கொஞ்சம் கோணலாக.

அதே சங்கீதம் கடைசியில், கர்த்தருடைய பாதை திரண்ட தண்ணீரில் இருந்தது, "உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று" என்கிறது. தம்பிகளே, படகைத் தள்ளிக்கொண்டு நடந்த உங்கள் கால்களையும் நான் பார்க்கவில்லை. கலங்கல் தண்ணீருக்குள்ளே இருந்தன.

அந்த நீலக் கயிறு எங்களிடம்தான் இருக்கிறது. குழாயிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். நல்ல கயிறு, சும்மா வாங்கியிருக்க மாட்டீர்கள். துவைத்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வந்தால், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப்புறம் தையல் கடை அக்கா என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனை முடிந்து பத்தரை மணிக்கு மேல் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆச்சியும் இருக்கிறாள், இந்தத் தடவை திட்ட மாட்டாள்.