முதல் பதிப்புப் பைத்தியம்

குன்னூர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீடே மகிழ்ந்தது. என் மனைவி ஸ்வெட்டர் பின்னத் தொடங்கிவிட்டாள். மதுரை வெயிலுக்கு எதற்கு என்று கேட்டால் முறைக்கிறாள்.

தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் எழுத்துகள் 1999-இலேயே பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகளாக வந்துவிட்டனவே, உதிரும் பழைய பிரசுரங்களுக்கு ஏன் காசைக் கொட்டுகிறாய் என்று கேட்டிருந்தாய். படிக்க மட்டும் என்றால் அந்தத் தொகுதிகளே போதும். அவற்றைத் தொகுத்த அலாய்சியஸ் செய்தது பெரிய காரியம். ஆனால், அயோத்திதாசர் மறைவுக்குப் பின் கோலார் தங்கவயலில் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்ட சிறு நூல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார். என்ன விலை, எந்த அச்சகம், வேறு எந்த நூல்களை விற்றார்கள் என்பதெல்லாம் அட்டையிலேயே இருக்கும். யாரை நினைத்து அச்சிட்டார்கள் என்று முன்னுரை இல்லாமலே விளங்கிவிடும். 1907-இல் அவர் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றுதானே பெயர்? விலையையே பெயரில் வைத்த மனிதரை விலை தெரியாமல் படிக்க எனக்கு ஒப்பவில்லை.

இதில் வேடிக்கையும் உண்டு. பழைய புத்தக வியாபாரி ஒருவர் 'பரிதாபி வருஷம்' என்று போட்ட நூலைக் காட்டி, 1912 பதிப்பு என்று சாதித்தார். பரிதாபி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும், 1972-உம் பரிதாபிதான். பின்னட்டையில் விலை ஒரு ரூபாய் ஐம்பது காசு! ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு வந்ததே 1957-இல் என்றேன். மனிதர் அசரவில்லை, 'அப்படியானால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார். எடுத்துக்கொண்டேன்.

அயோத்திதாசர் வளர்ந்தது இந்த மலையில்தான். 1870-களில் அத்வைதானந்த சபையைத் தொடங்கியதும் இங்கேதான். ஆனால் அவர் நூல்களுக்கு இந்த மலை ஆகாது. அந்தக் கால மலிவு மரக்கூழ்க் காகிதம் தன் அமிலத்திலேயே பழுத்து நொறுங்குகிறது. அது போதாதென்று ஆனி, ஆடி ஈரத்தில் பூஞ்சை. மிச்சத்தை இராமபாணப் பூச்சி தின்கிறது. ஈரம் அண்டாமலிருக்க பீரோவுக்குள் இரவும் பகலும் பல்பு எரிகிறது. மின் கட்டணத்தைப் பற்றி வீட்டில் நடக்கும் விவாதத்தை எழுத மாட்டேன்.

தங்கவயலில் வேலை பார்த்த உன் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி இன்னும் பரணில்தானே இருக்கிறது? பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல். 'தமிழன்' இதழின் ஒரே ஒரு தாள் இருந்தாலும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். ஸ்வெட்டரையும் அப்போதே கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
ராஜாராம்