மன்றக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் செயற்குழுவின் வணக்கம்.

1960களில் சிங்கப்பூரில் எழுந்த நம் மன்றக் கட்டடத்தின் திருப்பணி நிறைவடைந்தது. சாரம் இறக்கப்பட்டு மண்டபம் திறந்துவிட்டது. பொதுக்கூட்டம் ஒப்புதல் தந்த தொகை 412,000 வெள்ளி. ஆன செலவு 450,760 வெள்ளி. இந்தக் கூடுதல் 38,760 வெள்ளி எதற்கு, மேற்கு முகப்பை ஏன் அலுமினியப் பலகையால் மூடவில்லை, மண்டபத்தில் ஏன் குளிர்சாதனம் இல்லை என்று கடிதத்திலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டபடி இருக்கிறீர்கள். கேட்பது உங்கள் உரிமை. முழு விவரத்தையும் இங்கே வைக்கிறோம்.

முகப்பிலிருந்து தொடங்குகிறோம். முகப்பிலுள்ள மெல்லிய கான்கிரீட் வெயில்மறைப்புச் சட்டங்களை வெட்டி எறிந்துவிட்டுக் கண்ணாடியும் அலுமினியமும் போட்டால் கட்டடம் புதுசாகிவிடும் என்று உறுப்பினர் பலர் வாதாடினார்கள். அந்தச் சட்டங்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் ஏறத்தாழ 65 பாகை உயரத்தில் நிற்கும். அதனால் தெற்குச் சுவருக்கு 60 செண்டிமீட்டர் நீட்டம் இருந்தாலே அந்நேரத்தில் 1.3 மீட்டர் ஆழத்துக்கு நிழல் விழும். மேற்குச் சுவரில் அது பலிக்காது. பிற்பகல் வெயில் சாய்ந்து நேரே உள்ளே வரும். அதைத் தடுக்கத்தான் நிமிர்ந்த சட்டமும் படுத்த சட்டமும் சேர்ந்த கட்டம் போட்ட அமைப்பு.

இந்த வழிக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கட்டடக் கலைஞர் லூசியோ கோஸ்டாவின் குழுவினர், இன்னொரு கட்டடக் கலைஞரான லெ கொர்புசியேயின் ஆலோசனையோடு, 1930களில் வடிவமைத்த கல்வி அமைச்சுக் கட்டடத்தின் வெயில் முகம் முழுவதும் மறைப்புத் தகடுகளை வைத்தார்கள். 1950களில் சண்டிகரில் கொர்புசியே அதையே கனத்த கான்கிரீட்டில் செய்தார். அங்கே ஒரு குறை வெளிப்பட்டது: தடித்த கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து இரவில் அறைக்குள் விடும். சட்டம் மெலிதாக இருக்க வேண்டும், சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போக இடைவெளி வேண்டும் என்பது வெப்பமண்டலக் கட்டடக் கலைக்குக் கிடைத்த பாடம். மைசூர் சமஸ்தானத்தில் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் பிறகு லண்டனில் இந்தத் துறையைக் கற்பித்தார். ஐக்கிய நாட்டு நிறுவனக் குழுவில் ஒருவராக 1963இல் இங்கேயும் வந்தார். 1965இல் திறந்த சிங்கப்பூர் மாநாட்டு மண்டபத்தின் அகன்ற கூரை நீட்டமும் குறுக்குக் காற்றோட்டமும் அதே சிந்தனையில் பிறந்தவை. அது 2010இல் தேசிய நினைவுச்சின்னமானது. நம் கட்டடம் அவ்வளவு புகழ் பெற்றதல்ல. ஆனாலும் அதே தலைமுறையைச் சேர்ந்தது. 75 மில்லிமீட்டர் தடிப்புள்ள நம் சட்டங்கள் சுவரிலிருந்து விலகி நிற்பதற்கு இதுவே காரணம்.

அலுமினியக் கலப்புப் பலகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே இருக்கும் பொருள் எரியக்கூடியதாக இருந்தால் முகப்பே தீக்கு ஏணியாகிவிடும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 72 உயிர்கள் போனது அப்படித்தான். எரியாத வகைப் பலகையும் கிடைக்கிறது. ஆனால் அதைப் போட்டாலும் வெயில் கண்ணாடி வழியே உள்ளே வரத்தான் செய்யும். அந்தச் சூட்டைப் போக்க மாதாமாதம் மின்கட்டணம் கட்ட வேண்டியவர்கள் நாம்தான். 1976இல் கட்டிய பேர்ல் பேங்க் அடுக்குமாடி 2020க்குள் தரைமட்டமானதையும், கோல்டன் மைல் வளாகம் 2021இல் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டதையும் எல்லாரும் பார்த்தோம். நம் தாத்தா பாட்டிமார் காசு சேர்த்துக் கட்டியதை நாமே மூடி மறைக்கச் செயற்குழுவுக்கு மனம் வரவில்லை.

இனிக் கான்கிரீட். காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி அதன் காரத்தன்மையைக் குறைக்கும். கார அளவு (பிஎச்) 12க்கு மேல் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. 9க்குக் கீழே போனால் காப்பு போய்விடும். துரு ஊதிப் பெருத்து மேல்பூச்சை வெடிக்க வைக்கும். பெரிய தூணுக்கு இது பல காலம் ஆகும். மெல்லிய சட்டத்துக்கோ வாயு இரு பக்கமும் நுழைகிறது. நடுவில் இருக்க வேண்டிய கம்பி, வார்த்த நாளில் நகர்ந்துபோய், சில இடங்களில் வெறும் 12 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலோடு இருந்தது. வெயிலுக்கு நல்லதான மெலிவு கம்பிக்குக் கேடாகிவிட்டது.

சுத்தியலால் தட்டி வெற்றொலி கேட்ட இடங்களைக் குறித்தோம். புதிதாக உடைத்த முகத்தில் காரத்தைக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தோம். இளஞ்சிவப்பாக மாறிய இடம் நல்லது, நிறம் மாறாத இடம் காரம் இழந்தது. பழுதுபார்க்க வேண்டிய பரப்புக்குத் தரையில் நின்று பார்த்து ஒப்பந்தத்தில் போட்ட தற்காலிக அளவு 38 சதுர மீட்டர். சாரம் ஏறித் தட்டிப் பார்த்ததும் 81 ஆயிற்று. வெளியே விரிசல் தெரியாமல் உள்ளே பிரிந்திருக்கும் கான்கிரீட்டைக் கீழிருந்து யாராலும் கணக்கிட முடியாது. அதனால்தான் இந்த ஒரு பணிக்கு மட்டும், அளந்து பார்த்துச் சதுர மீட்டருக்கு 620 வெள்ளி என்று ஒப்பந்தம் எழுதினோம். கூடிய 43 சதுர மீட்டருக்கு 26,660 வெள்ளி.

குத்தகையாளர் கேட்டதோ 118 சதுர மீட்டருக்கு. உள்ளங்கை அளவுச் சாந்து ஒட்டு ஒவ்வொன்றையும் 0.1 சதுர மீட்டராகக் கணக்கிடுவதே தொழில் வழக்கம் என்றார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. சாந்து வைக்குமுன் இரு தரப்பும் சேர்ந்து அளந்து, எண் எழுதி, படம் எடுக்க வேண்டும் என்றே இருந்தது. இருந்தும் மேல்தளத்தில் 14 இடங்களை அளக்காமலே அடைத்துவிட்டார்கள். நம் பொறியாளர் அவற்றில் மூன்றைத் திறக்கச் சொன்னார். இரண்டில் கம்பிக்கு முன்னால் மட்டும் புதுச் சாந்து, பின்னால் பழைய துரு அப்படியே.

இதைச் சில்லறை விஷயம் என்று சிலர் கூட்டத்தில் பேசினீர்கள். அப்படியல்ல. கம்பியின் ஒரு பக்கம் புதுச் சாந்தின் காரமும் மறுபக்கம் காரம் போன பழைய கான்கிரீட்டும் இருந்தால், துரு அந்த ஒட்டின் ஓரத்துக்கு இடம் மாறி முன்னைவிட வேகமாகத் தின்னும். சில ஆண்டுகளில் ஒட்டைச் சுற்றிப் புது வெடிப்பு வளையமாக வரும். ஆகவே ஓரத்தை 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேராக அறுத்து, கம்பிக்குப் பின்னால் 20 மில்லிமீட்டர்வரை கொத்தி, துருவைப் பளபளக்கச் சுரண்டி, துத்தநாகப் பூச்சுக் கொடுத்து, பாலிமர் சாந்தை அடுக்கடுக்காக வைத்து, ஈரம் காயாமல் மூடிவைக்க வேண்டும். 14 இடங்களும் குத்தகையாளர் செலவில் மறுபடி செய்யப்பட்டன.

அதன்பின் அவர் கட்டணக் கோரிக்கை அனுப்பினார். "உடனே வழக்கறிஞரிடம் ஓட வேண்டுமா, பேசித் தீர்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்டவர்களுக்கு: கட்டுமானக் கட்டணப் பாதுகாப்புச் சட்டப்படி அத்தகைய கோரிக்கைக்குக் கெடுவுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். எவ்வளவு தரமாட்டோம், ஏன் தரமாட்டோம் என்பதை அப்பதிலில் சொல்லாவிட்டால் பின்பு நடுவர்முன் நம் வாதம் நிற்பது கடினம். நாங்கள் எண்ணிட்ட படங்களோடு பதில் அனுப்பினோம். நடுவர்வரை போகவில்லை. 81 சதுர மீட்டருக்கே கணக்கு முடிந்தது. சாரம் நீடித்த செலவில் நம் பங்கு 4,200 வெள்ளி. இதற்காக இரவுகளில் கூடிய குழுவினரின் களைப்பை உறுப்பினர்கள் புரிந்துகொள்ள வேண்டுகிறோம்.

மீதிக் கூடுதல் 7,900 வெள்ளி, மேடைக்குப் பின்னிருந்த பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பலகைகளுக்கானது. 1991க்கு முந்தைய கட்டடங்களில் இதைச் சோதித்தே தீர வேண்டும். அங்கீகாரம் பெற்றவர்களே, மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டி அறிவித்து, அகற்ற வேண்டும்.

மண்டபத்தின் ஜாலிக் கற்களை, அதாவது காற்றுப் போகத் துளைகளுள்ள சுவர்க் கற்களை, அடைத்துக் குளிர்சாதனம் போடும் யோசனையை ஏற்கவில்லை. உடைந்த 46 கற்களின் வடிவம் இன்று கடையில் இல்லாததால் எஃகு அச்சுச் செய்து வார்த்து, ஏழு நாள் நீரில் பதப்படுத்திப் பொருத்தினோம். சாரலுக்காக அடிக்கட்டையை வெளிப்புறம் சாய்த்தோம், பின்னால் துருப்பிடிக்காத வலை கட்டினோம். மேலே அகன்ற மெதுவிசிறிகள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறந்த எஸ்டிஇ4 என்ற கட்டடம் விசிறியையும் மிதமான குளிர்க்காற்றையும் சேர்த்து இயங்குகிறது. புதிய கட்டடங்களே காற்றோட்டத்துக்குத் திரும்பும்போது அது இயல்பாக உள்ள நாம் அடைப்பானேன்? நூலகத்துக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் குளிர்சாதனம் உண்டு.

மொட்டைமாடிக்கு 100க்கு 1 சரிவு, புதிய நீர்க்காப்பு, 48 மணி நேரம் நீர் தேக்கிச் சோதனை, ஒழுகவில்லை. கழிவறை, மின்கம்பி, மொசைக் தரை மெருகு, வண்ணப்பூச்சு எல்லாம் திட்டப்படி முடிந்தன.

கூடுதல் செலவில் 20,600 வெள்ளி ஏற்கெனவே நீங்கள் ஒப்புக்கொண்ட எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு. எஞ்சிய 18,160 வெள்ளியை நன்கொடையே தாங்கியது: மகளிர் பிரிவின் உணவு விற்பனை 6,240, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பழைய மாணவர்கள் 5,500, சிராங்கூன் சாலைப் பூக்கடைக்காரர்கள் 3,000, மண்டப உண்டியல் 3,420. முதல் நிதிக்கு வழங்கிய மளிகை வணிகர்கள், நகைக்கடை ஊழியர்கள், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள், டாக்சி ஓட்டுநர்கள், பெயர் வேண்டாம் என்ற மூதாட்டி, ஒவ்வொரு மாதமும் பத்து வெள்ளி தந்த தாதியர் ஆகிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. முழுப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. விடுபட்ட பெயரைப் பொருளாளரிடம் சொல்லுங்கள்.

மொத்தத்தில் 5 விழுக்காடான 22,538 வெள்ளியைக் குத்தகையாளர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலமான 12 மாதங்களுக்குப் பிடித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சட்டத்தின் உட்புறமும் எண் எழுதியிருக்கிறது. விரிசலோ துருக்கறையோ கண்டால் எண்ணையும் தளத்தையும் குறித்து அலுவலகப் பதிவேட்டில் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால் துப்புரவும், ஆண்டுக்கொருமுறை சுத்தியல் சோதனையும் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு வரும் பொதுக்கூட்டத்தில் உங்கள் ஒப்புதலைக் கோருகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு