ஸாமல் திரை நிரலில் பொதுப் பொருள்களைக் குறிப்பிடும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் செயலிகளின் திரை அமைப்பை எழுதப் பயன்படும் ஸாமல் (XAML) மொழியில் திரைகளை அமைப்போர் பொதுவான நிறங்களையும் பாணிகளையும் எப்போதும் டைனமிக் ரிசோர்ஸ் (DynamicResource) என்னும் குறிப்பு முறை வழியாகவே குறிப்பிட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வெளியான அறிவுரையை என்னால் ஏற்க இயலவில்லை.

ஸாமலைப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் திரை அமைப்புத் தொகுதியான டபிள்யூ.பி.எஃப். (WPF) 2006இல் வெளிவந்தபோதே ஸ்டேட்டிக் ரிசோர்ஸ் (StaticResource), டைனமிக் ரிசோர்ஸ் ஆகிய இரண்டு வழிகளும் இருந்தன. ஸ்டேட்டிக் ரிசோர்ஸ், திரை ஏற்றப்படும்போது ஒரே ஒருமுறை, அந்த உறுப்பில் தொடங்கிப் படிப்படியாக மேலே சென்று செயலியின் பொதுத் தொகுப்புவரை பெயரைத் தேடி, கிடைத்த பொருளையே பண்பில் வைத்துவிடுகிறது. டைனமிக் ரிசோர்ஸோ பெயரைப் பற்றிக்கொண்டிருந்து, அப்பெயரில் வேறு பொருள் வைக்கப்படும்போதெல்லாம் புதியதை எடுத்துக்கொள்கிறது. இந்த வசதிக்கு விலை உண்டு. பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் முன்னது திரையை ஏற்றும்போதே பிழை காட்டி நின்றுவிடும். பின்னது இயல்பு மதிப்புடன் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், அந்தப் பிழை சோதனைகளைத் தாண்டிப் பயனரிடம் போய்ச் சேர வாய்ப்பு மிகுதி. என்னைப் பொறுத்தவரை இது ஒன்றே ஸ்டேட்டிக் ரிசோர்ஸை முதல் தேர்வாகக் கொள்ளப் போதுமான காரணம். மேலும், டிபென்டன்சி பிராப்பர்ட்டி (மதிப்பு மாறுவதை டபிள்யூ.பி.எஃப். தானே கவனித்துக்கொள்ளும் சிறப்புப் பண்பு) அல்லாத இடங்களில், எடுத்துக்காட்டாக, தரவைத் திரையுடன் இணைக்கும் பைண்டிங்கில் மதிப்பை மாற்றித் தரும் கன்வெர்ட்டரில், டைனமிக் ரிசோர்ஸைப் பயன்படுத்தவே முடியாது.

ஸ்டேட்டிக் ரிசோர்ஸ் மாற்றங்களை அறியாது என்பதும் முழு உண்மையன்று. சாளர அளவில் அறிவித்த ஒரு பிரஷ்ஷின் (நிறம் தீட்டப் பயன்படும் பொருளின்) நிறத்தை மாற்றினால், அதே பொருளைப் பகிரும் எல்லா உறுப்புகளிலும் அது தெரியும். அந்த பிரஷ்ஷையே நீக்கி வேறொன்றை வைத்தால்தான் தெரியாது. செயலி அளவிலான தொகுப்பில் உள்ள பிரஷ்கள் தாமாகவே ஃப்ரீஸ் செய்யப்படுவதால், அதாவது மாற்ற முடியாதபடி உறைய வைக்கப்படுவதால், அங்கே நிறத்தை மட்டும் மாற்றும் வழி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

டைனமிக் ரிசோர்ஸைக் கட்டாயமாக வலியுறுத்த வேண்டிய இடம் இயங்குதளத்தின் நிறங்கள்தாம். பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே உயர் வேறுபாட்டு நிறங்களுக்கு மாறினால், எக்ஸ் ஸ்டேட்டிக் (x:Static, நிரலில் உள்ள நிலையான மதிப்பை ஸாமலில் எடுக்கும் குறிப்பு) வழியாக நேரடியாக எடுத்த சிஸ்டம் கலர்ஸ் (SystemColors, இயங்குதள நிறங்களின் தொகுப்பு) பிரஷ் பழைய நிறத்திலேயே நின்று எழுத்துகளைப் படிக்க முடியாமல் செய்துவிடக்கூடும். எக்ஸ் ஸ்டேட்டிக் மூலம் அந்த பிரஷ்ஷின் சாவியை (அதைத் தேடிக் கண்டறிய உதவும் அடையாளத்தை) மட்டும் பெற்று, அதை டைனமிக் ரிசோர்ஸுக்குள் வைத்தால் திரையும் உடனே மாறும். நிரல் எழுதப் பழகுவோர் பலர் தங்கள் பக்கத்தைப் படிப்பதால், இந்த வேறுபாட்டைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்