வாழைச்சேனை ரயில் நிலைய ஊழியர்களுக்கு நன்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச சேவைகளைப் பற்றிக் குறை எழுதும் கடிதங்களைத்தான் பத்திரிகைகளில் அதிகம் பார்க்கிறோம். நல்லது நடந்தால் அதையும் எழுத வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என் அம்மா கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகமை புற்றுநோய் வைத்தியசாலையில் கிளினிக் பார்த்துவிட்டுத் தம்பியுடன் இரவு ரயிலில் வந்துகொண்டிருந்தார். கிழக்கில் இருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பயணம் எவ்வளவு களைப்பு என்று சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் அவரால் இருக்க முடியாது. அவரைக் கூட்டிப்போக விடிய முன்பே வாழைச்சேனை ரயில் நிலையத்துக்குப் போனேன்.

கடமையில் இருந்த நிலைய அதிபர், நான் கேட்க முன்பே வெளியே வந்தார். "அக்கா, வண்டி இன்னும் மனம்பிட்டிக்கு வரல்ல. யானை நிண்டதால மெதுவா வருது. வீட்ட போயிட்டு வாறதெண்டாலும் நேரம் இருக்கு" என்றார். அங்கே நின்ற சிங்களக் குடும்பம் ஒன்றுக்கும் அவர்களுடைய மொழியில் அதையே சொன்னார். அப்புறம் வண்டி வெலிக்கந்தையைத் தாண்டியதும் ஒரு தடவை, புனானைக்கு வந்ததும் ஒரு தடவை, வந்து சொல்லிவிட்டுப் போனார். யாரும் ஜன்னலடியில் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

ரயில் பிந்துவது எங்களுக்குப் புதிதல்ல. மாஹோவில் இருந்து மட்டக்களப்பு வரை ஒற்றைப் பாதை. கல்லோயாவுக்கு இந்தப் பக்கம் பாதை யானைக் காடுகளுக்குள்ளால் வருகிறது, இரவில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட வேண்டும். யானையும் சாகக் கூடாது, பயணிகளும் பிழைக்க வேண்டும், அதனால் பிந்தினால் பிந்தட்டும். ஆனால் எவ்வளவு பிந்தும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் ஆளைக் கொல்லும். நோயாளியை எதிர்பார்த்து நிற்கிறவருக்கு அது இரட்டிப்பு வேதனை.

வண்டி வந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். பெட்டியின் படி உயரம், மேடை தாழ்வு. அம்மா கதவடியில் தயங்கி நின்றார். ஊழியர் ஒருவர் உள்ளே ஓடிப்போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து படியின் கீழே வைத்து, அது ஆடாமல் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார். அம்மா இறங்கி மேடையில் சரியாக நிற்கும்வரை நிலைய அதிபர் பச்சை விளக்கைக் காட்டவில்லை. தம்பி காசு கொடுக்கப் போனதற்கு அந்த ஊழியர் வாங்கவே இல்லை. "உம்மாவக் கவனமாக் கூட்டிப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

புகையிரதத் திணைக்களத்திடம் ஒரு வேண்டுகோள். ஒற்றைப் பாதையில் வண்டியை விடுவதற்காக நிலையத்துக்கு நிலையம் பேசிக்கொள்கிறார்கள். ஆகவே வண்டி எங்கே நிற்கிறது என்பது உள்ளே இருப்பவருக்கு எப்போதும் தெரியும். அதை வெளியே காத்திருப்பவருக்கும் சொல்லப் புதிதாக எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு கரும்பலகையும் சோக்கட்டியும் போதும். இந்தப் பாதையில் உள்ள எல்லாச் சிறிய நிலையங்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கலாம். அன்று கடமையில் இருந்த அந்த இருவரையும் திணைக்களம் பாராட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பயணியின் மகள்,
பேத்தாழை.