சேகருக்கு, நான்கு மாதம் கழித்து

அன்புள்ள சேகர்,

நீ இரண்டு முறை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. என்மேல் ஏதாவது கோபமா என்று ஜானகிகூடக் கேட்டிருந்தாள். கோபமெல்லாம் இல்லைடா. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிற உன்னிடம் பேச எனக்கு முகம் இல்லை. அதுதான் விஷயம்.

அண்ணன் போனது உனக்குத் தெரியும். மூளையில் ரத்தக்கசிவு, மூன்றாம் நாள் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னோம். அந்த மூன்றாம் நாளில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மூளைச்சாவு என்றார் டாக்டர். சொன்ன கையோடு, உறுப்பு தானத்துக்குச் சம்மதமா என்றும் கேட்டார். முடியாது என்றோம்.

சொன்னது அண்ணி. நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். "கை சூடா இருக்கு, நெஞ்சு ஏறி இறங்குது, எப்படிச் செத்துட்டார்னு சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் பிடித்திருந்த கையில் அண்ணனின் சுண்டுவிரல் அந்த நேரம் பார்த்து லேசாக மடங்கியது. நானும் பார்த்தேன். "பாருங்க, அசையுது!" என்றார். அதற்குப் பிறகு யார் பேச முடியும்? அங்கிருந்த யாரும் அதை எங்களுக்கு விளக்கவும் இல்லை.

இந்த நான்கு மாதமும் அந்த விரலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மூளை முழுதும் செயலிழந்த பிறகும் முதுகுத்தண்டு தானாகவே சில அசைவுகளைக் கொடுக்குமாம். இதயத்துக்குத் துடிப்பைத் தருவது இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுகிறவரை அது துடிக்கும், உடம்பு சூடாகவே இருக்கும். கோமாவில் இருப்பவர் வேறு, இது வேறு. சும்மா பார்த்துவிட்டுச் சொல்வதும் இல்லை. கண்மணியில் வெளிச்சம் அடிக்கிறார்கள், கருவிழியைப் பஞ்சால் தொடுகிறார்கள், காதுக்குள் பனிக்கட்டித் தண்ணீர் விட்டுக் கண் நகர்கிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியாக, ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரை விலக்கிவிட்டுச் சில நிமிடம் காத்திருக்கிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் ஒரு மூச்சாவது இழுத்தாக வேண்டும். அண்ணன் இழுக்கவில்லை. இதைச் சோதிக்கும் டாக்டர்கள் உறுப்பு மாற்றுக் குழுவில் இருக்கக் கூடாது என்பதும் விதி. இவ்வளவையும் அன்றைக்கு ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அண்ணிக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்பெயினில் இதற்கென்றே ஆட்களைப் பயிற்றுவிக்கிறார்கள். மறுப்புச் சொல்லாத எல்லோரும் சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்று 1979லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. 1989இல் தேசிய அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர்களை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் தானம் மளமளவென்று ஏறி, உலகத்திலேயே முன்னால் வந்தார்கள். முதலில் மரணச் செய்தி, குடும்பம் அதை உள்வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம், அதன் பிறகே தானத்தைப் பற்றிய பேச்சு. எங்களுக்கு இரண்டும் ஒரே மூச்சில் வந்தன, அதுவும் வராந்தாவில் நிற்கவைத்து.

இன்னொன்று சேகர். அண்ணனும் நீயும் ஒரே ரத்த வகை. நீ ஏதும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அவருடைய கிட்னி நேராக உனக்கு வந்திருக்காது. ரத்த வகை, திசுப் பொருத்தம், எத்தனை நாள் காத்திருக்கிறார் என்றெல்லாம் பார்த்து வரிசைப்படிதான் போகும். ஆனால் இரண்டு பேர் அந்த வரிசையிலிருந்து வெளியே வந்திருப்பார்கள் இல்லையா? இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வெளியே எடுத்த பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் கெடு. கிட்னி குளிரில் ஒரு நாள் தாங்கும். எங்கேயோ யாரோ ஒருவர் பையைக் கட்டி வைத்துக்கொண்டு போனுக்குக் காத்திருந்திருப்பார். அன்று இரவே அண்ணனின் இதயமும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் சில மணி நேரம் வரை கண்ணைக் கொடுத்திருக்கலாம். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

அண்ணனுடைய விருப்பம் என்ன என்று யாருக்குமே தெரியாது. பேச்சுக்குக் குறைவா அவரிடம்? உன் சைக்கிளை அவர் விற்ற கதையை எத்தனை முறை கேட்டிருப்போம்! இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாலும் நான் அதைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்திருப்பேன். வீட்டில் சுமதியையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து என் விருப்பத்தைச் சொல்லிவிட்டேன். பெரியவள் அழுதாள், சின்னவன் ஒருவர் கொடுக்கக்கூடிய எட்டு உறுப்புகள் எவை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

போன வாரம் அண்ணியிடம் அந்த விரலைப் பற்றிச் சொன்னேன். சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். அவரே கேட்டார், அதனால் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாருக்குப் போயிருக்கும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அழைப்பு வந்தால் போன் எடுக்கவில்லை என்று ஆகிவிடக் கூடாது. ராத்திரியில் அதை அணைத்து வைக்கும் உன் பழக்கத்தை இன்றோடு விடு. ஜானகியின் எண்ணையும் கொடுத்து வை. அப்புறம், இறந்தவரிடமிருந்து வரும் கிட்னி சில சமயம் உடனே வேலை செய்யாது. சில நாள் டயாலிசிஸ் தொடரலாம். அப்போது பயந்துபோய் எல்லோரையும் திட்டக் கூடாது, உன் வாய் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை நான் வருகிறேன். நான்கு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க விடுவார்களா என்று மட்டும் கேட்டுச் சொல். செஸ் போர்டைக் கொண்டுவருகிறேன். ஊசி குத்தாத கையால் ஆடு, குதிரையை நான் பார்க்காதபோது நகர்த்தாதே.

உன்,
ரகு