பரவல் என்று எழுதிவிடாதவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பாப்பிலரி வகைப் புற்றுநோய்க்காக எனக்குத் தைராய்டை முழுவதும் எடுத்ததும், பிறகு நடந்த அயோடின் ஸ்கேனில் (அயோடினை இழுக்கும் தைராய்டு திசு உடம்பில் எங்கே மிச்சமிருக்கிறது என்று காட்டும் படம்) நாக்கின் அடியில் ஒரு புள்ளி ஒளிர்ந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். "பரவிடுச்சாமே" என்று சொந்தபந்தத்தில் பேச்சு கிளம்பிய நாட்களில் எங்களைத் தாங்கியவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி, கதிரியக்க மருந்து கொடுத்து இந்தப் படங்களை எடுக்கும் நியூக்ளியர் மெடிசின் டாக்டரம்மாவுக்கு. எச்சிலிலும் அயோடின் சுரக்கும், அதுவும் படத்தில் விழும் என்று சொல்லி, வாய் கொப்பளித்துத் தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி படம் எடுக்கச் சொன்னார். புள்ளி அசையவில்லை. அடுத்து ஸ்பெக்ட் சிடி, அதாவது ஒளிரும் இடம் உடம்பில் சரியாக எங்கே என்று முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன். நிணநீர்க் கட்டியிலோ எலும்பிலோ இல்லை, நாக்கின் வேரில் சரியாக நடுக்கோட்டில் இருந்தது அது. மருந்துச் சீட்டைத் திருப்பி, பக்கவாட்டில் ஒரு முகமும் கழுத்தும் வரைந்து காட்டினார். கருவில் 3, 4 வாரத்தில் தைராய்டு முளைப்பதே நாக்கின் அடியில்தானாம். 7 வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்கிவிடும். சிலருக்கு வழியில் கொஞ்சம் திசு தங்கிவிடும். தைராய்டு திசு ரத்தத்தில் விடும் புரதமான தைரொகுளோபுலின், புற்று மிச்சமிருந்தால் பொதுவாகக் கூடுமாம்; எனக்கு அந்த அளவும் குறைவாகவே இருந்தது. காது மூக்கு தொண்டை டாக்டரும் குழாய்விட்டுப் பார்த்துச் சந்தேகப்படும்படி ஏதுமில்லை என்ற பிறகுதான், "இது நீங்க பிறக்கும்போதே உங்ககூட வந்ததும்மா" என்றார் டாக்டரம்மா. என் கணவர் அங்கேயே அழுதுவிட்டார்.

கழுத்துக்கடியில் துண்டை மடித்து வைத்து, "அசையாம இருங்கக்கா, முடியப்போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்த டெக்னீஷியன் தம்பிக்கும், அவசரப்பட்டு மறுபடி கத்தி எடுக்காமல் முடிவு வரும்வரை பொறுத்த அறுவை டாக்டருக்கும் நன்றி.

என் நாத்தனாருக்கு எப்படிச் சொல்வது? தைராய்டு சுரப்புக்குப் பதிலாகப் போடும் தைராக்ஸின் மாத்திரையை ஸ்கேனுக்காக நிறுத்தியதில் உடம்பு கனத்து, வெயில் காலத்திலும் போர்த்திக்கொண்டு கிடந்தேன். அயோடின் சேராத உப்பைத் தேடி வாங்கி, பால், தயிர், முட்டை, மீன் எதுவும் படாமல் எனக்கென்று தனிச் சட்டியில் சமைத்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்தான். அண்ணி, இந்தக் கடன் தீராது.

தொடர் பரிசோதனைகள் இருக்கின்றன. தைரொகுளோபுலினையும் அந்த இடத்தையும் தவறாமல் பார்ப்போம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இதே நிலையில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருப்பவர்கள், புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது, ஸ்பெக்ட் சிடியில் உறுதி செய்தாயிற்றா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் சகோதரி
மதுரை