என்னை நடக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

நேற்றுக் காலை குனிந்து என் செருப்பு வாரை நானே மாட்டிக்கொண்டேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. இத்தனை நாளும் எனக்குச் செருப்பு மாட்டிவிட்ட மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மடலை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

பெட்டியைத் தூக்கியபடி இடுப்பைத் திருப்பிய அந்த ஒரு நொடியில் எல்லாம் ஆரம்பித்தது. மறுநாள் இடது புட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை ஒரே இழுப்பு. தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. உட்கார முடியவில்லை. இரவில் தூக்கமும் இல்லை. ஸ்கேனில், முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்-5, எஸ்-1 எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி, உள்ளிருந்த ஜவ்வு வெளியே வந்து நரம்பு வேரில் முட்டிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த ஒருவர், ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்றார். அன்று இரவு நான் அழுத அழுகை என் கணவருக்குத்தான் தெரியும்.

டாக்டர், அதற்கு அடுத்த நாள்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் ஸ்கேன் படத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் என்னை நுனிக்காலில் நடக்கச் சொன்னீர்கள், குதிகாலில் நடக்கச் சொன்னீர்கள், கணுக்காலில் சுத்தியலால் தட்டினீர்கள். அப்புறம் ஒரு தாளில் டிஸ்க்கை வரைந்தீர்கள். உள்ளே இருக்கும் ஜவ்வுக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதனால் அது வெளியே வந்ததும் உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைக்கிறது, வெள்ளணுக்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கின்றன என்றீர்கள். படத்தில் பெரிதாகத் தெரிவதைப் பார்த்து மிரளாதீர்கள் என்று சொல்லி, 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வின் கணக்கையும் காட்டினீர்கள். முழுதாகத் துண்டாகி வெளியே விழுந்த ஜவ்வு 96 சதவீதம் பேருக்குச் சுருங்கியிருக்கிறது, வெறுமனே உப்பியிருந்த டிஸ்க்கோ 13 சதவீதம் பேருக்குத்தான். இது எனக்குப் பெரிய ஆறுதல். அன்று வரை என் முதுகை உடைந்துபோன ஒன்றாகவே நினைத்திருந்தேன். உள்ளே ஆறுகிற வேலை நடக்கிறது என்று தெரிந்ததும் வலியைத் தாங்கும் விதமே மாறிவிட்டது.

அதே தாளின் பின்பக்கம் நீங்கள் எழுதித் தந்ததற்குத்தான் இன்னும் அதிக நன்றி. சிறுநீர் வராமல் நின்றாலோ, அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, நடுராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். "அப்போது எனக்குப் போன் செய்துகொண்டு நேரத்தைப் போக்காதீர்கள்" என்றீர்கள். அந்தத் தாள் இன்னமும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. எப்போது பொறுத்திருக்கக் கூடாது என்று தெளிவாகத் தெரிந்ததால்தான் மற்ற நாட்களில் என்னால் பொறுத்திருக்க முடிந்தது.

பிசியோதெரபி மேடம், நீங்கள் குப்புறப் படுக்க வைத்து முழங்கையை ஊன்றி எழச் சொன்ன முதல் நாள், உங்கள் மேல் கோபமே வந்தது. ஆனால் பத்துப் பதினைந்து தடவை செய்ததும் பாதத்தில் இருந்த வலி முட்டிக்கு ஏறிவிட்டது. ஆனால் இடுப்பில் வலி கூடியிருந்தது. நான் பயந்தேன். நீங்களோ முகமெல்லாம் மலர்ந்து, "இதைத்தான் எதிர்பார்த்தேன், வலி மேலே ஏறினால் நல்லது" என்றீர்கள். எல்லோருக்கும் இந்தப் பயிற்சி சரிவராது, சிலருக்கு வலி கீழே இறங்கும், அப்படியானால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் வலி எங்கே என்று கேட்டுக் கேட்டுத்தான் தொடர்ந்தீர்கள். இரவில் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே கூடாது என்று நீங்கள் சொன்னதை வேதவாக்காக வைத்திருக்கிறேன்.

காத்திருப்பு அறையில் சந்தித்த அந்தச் சகோதரிக்கும் நன்றி. பாதம் தொங்கிப்போய் ஆபரேஷன் செய்துகொண்டவர். "எனக்கு அது தேவைப்பட்டது, உங்களுக்குத் தேவையா என்று டாக்டர் சொல்லட்டும்" என்று நிதானமாகச் சொன்னார். என்னைப் பயமுறுத்தவும் இல்லை, வீண் நம்பிக்கை தரவும் இல்லை.

தம்பி, காரின் முன்சீட்டைச் சாய்த்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "அக்கா, வருது" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினாயே, அதை மறக்க மாட்டேன். என் கணவருக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், சரி, விட்டுவிடுகிறேன்.

எதிர்வீட்டு அக்கா, படுத்தே கிடந்தால் தேறாது என்று டாக்டர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன், நீங்கள்தான் அதைச் செய்ய வைத்தீர்கள். முதல் நாள் ஐந்து நிமிடம். என் வேகத்துக்கு நீங்கள் நடந்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எட்டாவது வாரத்தில் அரை மணி நேரம் ஆனது. நடுவில் பதினெட்டு நாள் வலி மறுபடி திரும்பி வந்தபோது, ஒன்றுமே பேசாமல் பழையபடி ஐந்து நிமிடத்திலிருந்து ஆரம்பித்தீர்கள்.

சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. நரம்பு மெதுவாகத்தான் தேறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா, நாளைக் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கிறேன். செருப்பு மாட்டிக்கொண்டே வருவேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை